பிரம்மச்சாரி டப்பாவில் இருந்த டயோடு

சீரீஸ், பேரலல் என்று பாடத்தில் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இரண்டு பல்பு, ஒரு பேட்டரி, கோடு போட்ட ஒரு படம். பரீட்சையில் அதற்கு முழு மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். சந்தோஷம். ஆனால் கரண்டை ஒரு பக்கமாக மட்டும் ஓடவிடுகிற பவர் டயோடு கைக்கு வரும்போது அந்த மார்க்கை நம்பி எதையும் முடுக்கிவிடாதீர்கள். ஐம்பது ஆம்பியர் தாங்கும் டயோடு இரண்டை அருகருகே பேரலலாகப் போட்டால் நூறு தாங்கும் என்று கணக்கு சொல்லும். கணக்கு சரிதான். ஆனால் பாதிப்பாதியாகச் சுமப்போம் என்று எந்த டயோடும் யாருக்கும் சத்தியம் செய்து கொடுத்ததில்லை.

சீரீஸிலும் இதே கதைதான். வல்லத்தில் ஒரு ரைஸ் மில்லில், நெல்லோடு வரும் ஆணியையும் கம்பித் துண்டையும் பிடிக்கக் காந்தம் ஒன்று வைத்திருந்தார்கள். அதற்கு டி.சி. கொடுக்கிற டயோடு அடிக்கடி போய்விடும். மில் எலக்ட்ரீஷியன் கெட்டிக்காரர். ஒன்றுக்கு இரண்டாக சீரீஸில் போட்டுவிட்டு, "ரெண்டு பேரு இருக்கானுங்க, இனிமே இன்னா பயம்?" என்று மீசையைத் தடவிக்கொண்டார். கொஞ்ச நாளிலேயே இரண்டும் போயின. எதிர்ப்பக்கமாக வோல்டேஜ் ஏறும்போது, கசிவு குறைந்த டயோடின் தலையில்தான் பெரும்பங்கு விழும். அது போனதும் மொத்தப் பாரமும் அடுத்ததின் தலையில். ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு ரெசிஸ்டர் வைத்துப் பங்கைச் சமப்படுத்த வேண்டும் என்று நான் சொன்னதற்கு, "அத்த மொதல்லியே வந்து சொல்றதுக்கு இன்னா?" என்று என்மேலேயே பாய்ந்தார். அது சிரித்துவிட்டுப் போகிற கதை. நான் சொல்ல வந்தது வேறு. அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் மனம் வரவில்லை.

எண்பதுகளில் செஞ்சியில், திண்டிவனம் ரோட்டோரம் எங்கள் பட்டறை இருந்தது. எங்கள் என்றால் காதர் பாயும் நானும் கூட்டு. பேட்டரி சார்ஜர், வெல்டிங் செட், தியேட்டர் ரெக்டிபயர் என்று டி.சி. கரண்ட் தேவைப்படுகிற எல்லா வேலைக்கும் சுற்றுப்பட்டில் எங்களிடம்தான் வருவார்கள். பாய் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவர் குடும்பம் பல தலைமுறையாகச் செஞ்சியில் இருப்பது. அப்பா தகரப் பெட்டி செய்கிறவர். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்கு அலைந்து சலித்து அவரோடு சேர்ந்தேன். முதலும் பாதி, உழைப்பும் பாதி. ஆனால் ஊர் வாயில் அது "பாய் கடை"தான். ஒரு முறை அவலூர்பேட்டைச் சந்தையில் ஒருவர் என்னையே நிறுத்தி, "நீ பாய் கடையில வேல செய்ற ஆளுதான?" என்று கேட்டார். இதைப் பாயிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பேரலல் விஷயத்தில் பாய் ஒரு வழக்கம் வைத்திருந்தார். புதிதாக வரும் டயோடுகளை ஒவ்வொன்றாகப் பெஞ்சில் மாட்டி, ஒரே அளவு கரண்ட் ஓட்டி, நன்றாகச் சூடேறவிட்டு, எவ்வளவு வோல்ட் இறங்குகிறது என்று பார்ப்பார். ஒத்துப்போகிற இரண்டைச் சேர்த்துச் சிவப்பு நூலால் கட்டிவிடுவார். எங்கள் பாஷையில் அது ஜோடி கட்டுவது. "கல்யாணத்துக்கு ஜாதகம் பாக்கறீங்க, இதுக்குப் பாக்க வாணாமா? இதுங்களும் ஒரே வூட்ல ஒண்ணாதானப்பா வேகணும்" என்பார். ஜோடி சேராதவை ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். அதற்குப் பெயர் பிரம்மச்சாரி டப்பா. ஒற்றை டயோடே போதும் என்கிற சின்ன சார்ஜர்களுக்கு மட்டும் அதிலிருந்து எடுப்போம். ஜோடியில் ஒன்று போனால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவோம். நல்லா இருக்கிறதை எதற்குக் கழற்றுகிறாய் என்று வந்தவர்கள் சண்டை பிடித்தாலும் பாய் அசைந்து கொடுக்கமாட்டார்.

எங்களுடைய நிரந்தர வாடிக்கை, ஒரே புரொஜக்டரை வைத்துப் படம் ஓட்டிய ஒரு தியேட்டர். அந்தக் காலத்துப் புரொஜக்டரில் வெளிச்சம் கார்பன் குச்சியில் இருந்து வரும். இரண்டு குச்சிகளின் முனையைத் தொட்டு விலக்கினால் நடுவில் கண்கூசும் வெள்ளை ஒளி நிற்கும். அது நிற்க டி.சி. வேண்டும். அதைத் தருகிற ரெக்டிபயருக்குள் டயோடுகள் ஜோடி ஜோடியாக இருக்கும். குச்சிகள் விலகாமல் ஒட்டிக்கொண்டால் கரண்ட் தாறுமாறாக ஏறும். ஆகவே ரெக்டிபயர் எரிந்தால் தியேட்டர்காரர்கள் முதலில் சந்தேகப்படுவது ஆப்பரேட்டரைத்தான்.

அங்கே ஆப்பரேட்டர் கன்னியப்பன். ஊருக்கு வெளியே காலனியில் வீடு. அவருடைய நைனா ஆயுசு முழுக்க அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியவர். கன்னியப்பன் படப்பெட்டி தூக்குகிற ஆளாகத் தியேட்டருக்குள் போய், பார்த்துப் பார்த்து வேலை கற்று, லைசென்ஸ் பரீட்சையும் எழுதித் தேறியவர். அவருடைய தெருவில் மாதச் சம்பளம் வாங்கியவர்கள் அப்போது மிகச் சிலர். முதலாளியின் அக்கா மகன் ஒருவன் அந்த வேலைமேல் கண் வைத்துக்கொண்டு ஆப்பரேட்டர் ரூம் வாசலிலேயே சுற்றுவான். இந்தத் தொழிலில் கெட்ட பெயர் படப்பெட்டியோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய்விடும். செஞ்சியில் துரத்திவிட்ட ஆப்பரேட்டரைத் திருவண்ணாமலையில் யாரும் சேர்க்கமாட்டார்கள். கன்னியப்பனுக்கு அந்த வேலை போனால் தொழிலே போன மாதிரி.

ஒரு வெள்ளிக்கிழமை, பெரிய படம் ஒன்று வெளியாகும் நாள். காலையில் சோதித்துப் பார்க்கும்போதே ரெக்டிபயரில் ஒரு டயோடு போய்விட்டது. நான் அவலூர்பேட்டையில் ஒரு மில் வேலையில் இருந்தேன். பாய் போய்ப் பார்த்தார். ஜோடியில் ஒன்று செத்திருந்தது. அந்த அளவில் கட்டிவைத்த ஜோடி ஒன்றுகூடப் பட்டறையில் இல்லை. மெட்ராஸுக்குப் போய்த்தான் வாங்கிவர வேண்டும். இரண்டு நாள் பொறுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தார். "கேட்டுக்கு வெளிய கூட்டம் நிக்குது. நீ இன்னாடான்னா ஜோடி, ஜாதகம்னு ஜோசியம் சொல்லிக்கினு கீறியே!" என்று அவர் குதித்தார். பாய் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிரம்மச்சாரி டப்பாவில் இருந்த ஒன்றை எடுத்துப் பேரலலில் போட்டார். அதே நம்பர், அதே ஆம்பியர், ஆனால் வேறு கம்பெனி. வெளிச்சத்தைக் குறைத்தே ஓட்டச் சொல்லி கன்னியப்பனிடம் சொல்லிவிட்டு, மறுநாள் மெட்ராஸுக்கு பஸ் ஏறிவிட்டார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த சங்கதி. நான் ஊர் திரும்பியபோது பக்கத்து டீக்கடைக்காரர், "பாய் சாமான் வாங்க மெட்ராஸ் போயிருக்காரு, ஞாயித்துக்கெழம மத்தியான பஸ்ல வந்துடறேன்னாரு" என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஓடிக்கொண்டிருக்கும்போது முதலாளியின் அக்கா மகன் சைக்கிளில் வந்து நின்றான். "மாமா கூப்புடறாரு. லைட்டு பூட்ச்சி" என்றான். முகத்தில் அவ்வளவு குஷி.

ஆப்பரேட்டர் ரூமுக்கு மாடிப்படி ஏறும்போதே கீழே விசில் காதைத் துளைத்தது. பெஞ்சுகளைத் தட்டுகிறார்கள். ரூமில் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார், டிக்கெட் கிழிப்பவர் நிற்கிறார், அக்கா மகன் என் பின்னாலேயே வந்துவிட்டான். கன்னியப்பன் சுவரோரமாக நிற்கிறார். ரூம் சாவி முதலாளி கையில்.

"படம் இருட்டா இருக்குதுன்னு சனம் கத்துது. லைட்ட ஏத்துடான்னேன். இந்த நாயி கார்பன ஒட்ட வச்சி மொத்தத்தையும் கொளுத்திட்டான்" என்றார் முதலாளி. "நீ பாத்து ஒரு வார்த்த சொல்லு ஏழுமல. இவன இப்பவே அனுப்பிடறேன்."

கன்னியப்பன் பதில் பேசவில்லை. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன்.

ரெக்டிபயர் மூடியைக் கழற்றினேன். கழற்றியதுமே தெரிந்துவிட்டது. அருகருகே இரண்டு டயோடு, ஒன்று பழையது, ஒன்று வேறு கம்பெனி. புதியது கருகியிருந்தது. அதன் அடியில் இருந்த செப்புத் தகடு மட்டும் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பழையதின் அடியில் செம்பு செம்பாகவே இருந்தது. புதியது கொஞ்சம் சீக்கிரமே வழிவிடுகிற ஜாதி. வழி எளிதாக இருக்கிற பக்கம்தானே கரண்ட் போகும். கரண்ட் போனால் சூடு. சூடேறினால் டயோடு இன்னும் தாராளமாக வழிவிடும். அதனால் இன்னும் கரண்ட், இன்னும் சூடு. பக்கத்தில் இருப்பது சும்மா நிழலில் உட்கார்ந்திருக்க, இது ஒன்றே சுமந்து சுமந்து செத்தது. வெளிச்சத்தைக் குறைத்து ஓட்டியவரைக்கும் தாங்கியிருக்கிறது. ஏற்றியதும் போய்விட்டது. கார்பன் ஒட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா கருகியிருக்க வேண்டும்.

அதை அங்கே போட்டது யார் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஊரில் அந்த மூடியைத் திறக்கிறவர்கள் இரண்டே பேர். நான் போடவில்லை.

"சொல்லுப்பா. அவன் தப்பா, மிஷின் தப்பா?" முதலாளி சாவியை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே கேட்டார். கீழே கூச்சல். கன்னியப்பன் என்னைப் பார்த்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

நான் சொன்னேன்: "கன்னியப்பன் மேல ஒரு தப்பும் இல்ல மொதலாளி. ஜோடி பாக்காம ஒத்த டயோடு போட்டிருக்குது. காதர் பாய் போட்டது. நான் ஊர்ல இல்ல."

சொன்னது அத்தனையும் உண்மை. நிதானமாகப் படித்துப் பாருங்கள், பொய் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனால் அந்த இடத்தில் சொல்லக்கூடிய இன்னொரு உண்மையும் இருந்தது. "எங்க கடையோட தப்பு மொதலாளி, நாங்க சரி பண்ணிக் குடுக்கறோம்" என்று சொல்லியிருந்தாலும் கன்னியப்பன் வேலை தப்பியிருக்கும். பாதிக் கூட்டுக்காரன் பாதி ஏச்சை வாங்கிக்கொண்டிருப்பேன். அதில் என்ன குறைந்துபோயிருக்கும்? அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. பாய் கடை, பாய் கடை என்கிறீர்களே, இதோ உங்கள் பாய் செய்த வேலை என்று உள்ளுக்குள் ஒரு குரலும் சேர்ந்தே பேசியது. "நான் ஊர்ல இல்ல" என்பதை யார் கேட்டார்கள்?

சொல்லி முடித்துத் திரும்பினால் வாசலில் காதர் பாய். பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருக்கிறார். தோளில் பை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் சிவப்பு நூல் கட்டிய இரண்டு டயோடு. கடைக்காரரின் மேசையிலேயே சோதித்து, அங்கேயே ஜோடி கட்டி வாங்கி வந்திருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. என் பேச்சு முழுவதும் அவர் காதில் விழுந்தது என்பதை முகம் சொல்லிவிட்டது.

"ஆமா மொதலாளி, நான்தான் போட்டேன். கன்னியப்பனாண்ட சாவியக் குடுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளிக்கோ ஏழுமல" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்து, கழற்றி, ஜோடியை மாட்டி, ஒவ்வொரு டயோடுக்கு முன்னாலும் ஒரு துண்டு ரெசிஸ்டன்ஸ் கம்பி சேர்த்தார். கொஞ்சம் கரண்ட் சூடாக வீணாகும். ஆனால் ஒன்றே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகாது. கன்னியப்பன் கார்பனைத் தொட்டு விலக்கினார். திரையில் படம் வந்தது. கீழே அப்படி ஒரு கைதட்டல்.

படியிறங்கும்போது முதலாளி எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "இனிமே இந்த மிஷின்ல கை வக்கிறதுன்னா நீ மட்டும் வா ஏழுமல. வேற யாரையும் அனுப்பாத." இரண்டு நாள்கூடப் பொறுக்காமல் பாயின் கழுத்தில் கத்தி வைத்தது அவர்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் லைட்டை ஏற்றச் சொன்னது அவர்தான் என்று அவர் வாயாலேயே கேட்டிருந்தேன். அதையாவது நான் அங்கே சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன்.

பாய் அதன் பிறகும் சில வாரங்கள் பட்டறைக்கு வந்தார். வேலையில் ஒரு குறையும் இல்லை. பேச்சுதான் அளவோடு நின்றது. ஜாதகக் கிண்டல் இல்லை. ஒரு நாள் ஆரணியில் இருக்கும் மச்சான் கடையோடு சேரப்போவதாகச் சொன்னார். நான் பதறிப்போய், "அன்னிக்கு நான் பொய் சொல்லலியே பாய்" என்றேன். என் வாயில் வந்தது அதுதான். மன்னிப்பு வரவில்லை.

"பொய் சொன்னேன்னு யாரு சொன்னா? நெசம்தான். நெசத்துக்குக் கோவப்பட்டா நான் மனுசனா?" என்றார். கையில் இருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "இத்தினி வருசம் ரெண்டு பேரும் ஒண்ணா கீறோம்னு நெனச்சிக்கினு இருந்தேம்ப்பா. நீ தனியா நின்னுக்கினு என்னிய காட்டிவிட்டே பாரு, அதான் ஒப்பல."

அவர் போனார். நான் அந்தப் பட்டறையை நடத்தினேன், நன்றாகவே நடத்தினேன். ஊர் கடைசிவரை அதைப் பாய் கடை என்றுதான் சொன்னது. நானும் யாரையும் திருத்தவில்லை.

ஆரணிக்கு பஸ்ஸில் போனால் அதிக தூரமில்லை. போக வேண்டும், போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு ரம்ஜானுக்கும் நினைப்பேன். ஏதாவது ஒரு வேலை குறுக்கே வரும், நானும் வரவிடுவேன். கடைசியில் நான் போனது அவருடைய மௌத்துக்குத்தான். முகத்தைப் பார்த்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல அது நேரமில்லை, கேட்க ஆளும் இல்லை.

கன்னியப்பனும் வந்திருந்தார். அவர் அதே தியேட்டரில் தலை நரைக்கும்வரை ஆப்பரேட்டராக இருந்தவர். அடக்கம் முடிந்து ஆரணி பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் செஞ்சி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம். வெகு நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்: "அன்னிக்கு மொதலாளி அப்படித் திட்றாரு, சாவியப் புடுங்கிக்கினாரு. நீ ஏன் வாயே தொறக்கல? அவ்ளோ பயமா?"

"பயம் இல்லண்ணே" என்றார். "பாய் வெள்ளிக்கெழமையே எல்லாத்தையும் என்னாண்ட சொல்லிட்டாரு. இது ஜோடி சேராத டயோடு, தாங்கனா தாங்கும், இல்லன்னா இல்ல. எதுனா ஆச்சின்னா யோசிக்காம எம் பேர சொல்லிடு, உந் தலையில வாங்கிக்காதன்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப சொல்லிட வேண்டியதுதான? உனுக்கு வேலையே போயிருக்குமே!"

"மத்தியான பஸ்ல வந்துடுவாருன்னு தெரியும்ணே. அவரே வந்து அவரு வாயால சொல்லிட்டா அவருக்கு மரியாத. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும். ஒரு பஸ்சு வர்ற நேரம்தான, நிக்கலாம்னு நின்னேன்."

பிறகு செஞ்சி பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறிக்கொண்டோம். பிழைப்பே போகிற நிலையில் அந்த மனிதர் ஒரு பஸ் வரும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றார். எனக்கு எதுவும் போகிறதாக இல்லை. என்னால் நிற்க முடியவில்லை.